போவா பாம்பின் பூர்வீகம்: அளவையும் அடையாளத்தையும் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு போவா. "போவா எவ்வளவு நீளம் வளரும்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் கரையோரத்தில் உள்ள சின்னத் தீவுகளில், முழுதாக வளர்ந்த பெண் போவா ஒன்றரை மீட்டரைத் தொட்டாலே அது பெரிய பாம்பு. தென் அமெரிக்காவின் சுரினாம் மழைக்காட்டில் வளர்ந்த பெண் மூன்று மீட்டரை நெருங்கும். இரண்டையும் சந்தையில் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒரு முழம்தான். வித்தியாசம் தெரியவரும்போது கூண்டு போதாது, தீனி போதாது, வாங்கியவருக்குப் பொறுமையும் போதாது.

ஆக, பூர்வீகம் தெரிந்தால் அளவைக் கணிக்கலாம். ஆனால் அளவைப் பார்த்துப் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் சிக்கிக்கொள்கிறார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யும் வேலை கடைசியில்தான் வரும்.

முதல் படி: வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

நெடுங்காலம், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை வாழும் இந்தப் பாம்புகள் அனைத்தும் 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட "போவா கான்ஸ்ட்ரிக்டர்" என்ற ஒரே இனத்துக்குள் கிளையினங்களாக அடைக்கப்பட்டிருந்தன. கடந்த இருபதாண்டு மரபணு ஆய்வுகள் அந்தப் படத்தைக் கலைத்துவிட்டன. இப்போது பரவலாக ஏற்கப்படும் பிரிவு ஏறக்குறைய இதுதான்.

ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, அமேசான் படுகை, கயானா, சுரினாம், பிரேசில், அங்கிருந்து தெற்கே அர்ஜென்டினா வரை இருப்பவை போவா கான்ஸ்ட்ரிக்டர். மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில் தொடங்கி மத்திய அமெரிக்கா முழுக்க, ஆண்டிஸுக்கு மேற்கே கொலம்பியா, ஈக்வடார் வரை இறங்குவது போவா இம்பரேட்டர். 1803-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் விவரித்தது. மெக்சிகோவின் தெஹுவான்தெபெக் நிலச்சந்திக்கு மேற்கே, பசிபிக் கரையோரமாகச் சொனோரா வரை செல்வதைப் போவா சிக்மா என்று 2016-இல் வெளியான மரபணு ஆய்வு தனியாகப் பிரித்தது. கரீபியனில் டொமினிக்காவில் போவா நெபுலோசா, செயின்ட் லூசியாவில் போவா ஓரோஃபியாஸ் என இரண்டு தீவு இனங்கள் உள்ளன.

பெரிய கோடு என்றால் ஆண்டிஸ் மலைதான். அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கைக்கு எட்டும் இலக்கும் அதுதான். பாம்பைப் பார்த்த மாத்திரத்தில் ஊர் பெயரைச் சொல்வது, அதுவும் புகைப்படத்தைப் பார்த்துச் சொல்வது, பெரும்பாலும் ஜோசியம்.

இன்னொரு எச்சரிக்கை. வகைப்பாட்டாளர்களுக்குள்ளேயே எல்லா இடத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. பெருவின் வடமேற்கு மூலையில், தும்பேஸ் பகுதியில் இருக்கும் நீண்ட வால் போவாவைச் சிலர் இம்பரேட்டரோடு சேர்ப்பார்கள், சிலர் கான்ஸ்ட்ரிக்டரின் கிளையினம் என்பார்கள். பழைய புத்தகமும் புதிய கட்டுரையும் வேறு வேறு பெயர் சொன்னால் குழம்ப வேண்டாம். பெயர் மாறினாலும் பாம்பு இருக்கும் இடம் மாறுவதில்லை.

இரண்டாம் படி: அது போவாதானா?

இந்தப் படியைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடாதீர்கள். போவாவின் உச்ச நீளம் 18.5 அடி என்று பல புத்தகங்களில் நெடுங்காலம் அச்சாகி வந்தது. டிரினிடாடில் பதிவான அந்தப் பாம்பு பச்சை அனகோண்டா என்று பிற்பாடுதான் தெரியவந்தது. அந்த ஒரு பிழையால், போவா ஐந்தரை மீட்டர் வளரும் என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையில் நான்கு மீட்டரை எட்டும் போவாவே அரிதிலும் அரிது.

அனகோண்டாவுக்குக் கண்ணும் மூக்குத் துளையும் தலையின் மேற்பக்கமாக ஏறியிருக்கும்; நீரில் கிடந்தபடி மேலே பார்க்க வசதியான அமைப்பு. முதுகில் கருமையான வட்டத் திட்டுகள் இருக்கும். போவாவின் முதுகில் இருப்பது குதிரைச் சேணம் போன்ற வடிவத் திட்டுகள். மலைப்பாம்போடு குழப்பிக்கொண்டால் உதட்டைப் பாருங்கள். பல மலைப்பாம்புகளின் உதட்டுச் செதில்களில் வெப்பம் உணரும் குழிகள் தெளிவாகத் தெரியும். போவாவில் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் குழிகள் இல்லை. போவாவின் தலை உச்சி முழுக்கப் பொடிப் பொடிச் செதில்கள்தான், பெரிய கேடயம் போன்ற தகடுகள் கிடையாது. வாலின் அடிப்பக்கச் செதில்கள் ஒற்றை வரிசையாகப் போகும். மலைப்பாம்புகளில் அவை பெரும்பாலும் இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும்.

மூன்றாம் படி: ஆணா, பெண்ணா, என்ன வயது?

போவாவில் பெண்தான் பெரிது. ஒரே ஊர், ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கையை எடுத்துக்கொண்டாலும், வளர்ந்தபின் தங்கை கணிசமாக நீளமாகவும் கனமாகவும் இருப்பாள். பெருநிலத்துப் போவாக்களில் பெண்கள் பொதுவாக 2.1 முதல் 3 மீட்டர், ஆண்கள் 1.8 முதல் 2.4 மீட்டர். பாலினம் தெரியாமல் "ரெண்டு மீட்டர் இருக்கு, எந்த ஊர்?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. அது சுரினாம் ஆணாகவும் இருக்கலாம், மத்திய அமெரிக்கப் பெண்ணாகவும் இருக்கலாம்.

கழிவுத் துளையின் இருபுறமும் நகம் போன்ற சின்ன முட்கள் உண்டு. ஆணுக்கு அவை பெரும்பாலும் பெரிதாக, வளைந்து இருக்கும். உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் ஆணின் வாலும் சற்று நீளம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தும் ஐயம் இருந்தால் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். கம்பியை உள்ளே விட்டுச் சோதிப்பதை வீடியோ பார்த்துப் பழகக் கூடாது. உட்புறத் திசு கிழிந்துவிடும்.

வயதைப் பொறுத்தவரை, பாம்பு சாகும்வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வேகம் படிப்படியாகக் குறையும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பாம்பின் நீளத்தை வைத்துப் பூர்வீகம் பேசாதீர்கள்.

நான்காம் படி: செதில் எண்ணுங்கள்

நிறம் ஏமாற்றும், நீளம் ஏமாற்றும். செதில் எண்ணிக்கை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது. பாம்பு பிறக்கும்போது எத்தனை செதிலோ சாகும்போதும் அத்தனையே. கொழுக்க வைத்தாலும் பட்டினி போட்டாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உயிருள்ள பாம்பை நெளியவிட்டு எண்ணத் தேவையில்லை. உரித்துப் போட்ட சட்டை போதும். கிழியாமல் முழுதாக உரிந்த சட்டையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். மென்மையானதும், கருநிறத் துணியின் மேல் விரித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பக்கம் நடுவில் வரும்படி, முதுகை நீளவாக்கில் வெட்டிப் பிரித்தால் இரண்டு ஓரமும் சமமாக விழும். பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு அடித்தால் ஒவ்வொரு செதிலின் விளிம்பும் நிழல் விழுந்து தெரியும். (எண்ணுவதற்கு மட்டும்தான் சட்டை. அது இழுபட்டுத்தான் உரிகிறது, ஆகவே பாம்பைவிட எப்போதும் நீளமாக இருக்கும். "என் பாம்பு சட்டை மூன்று மீட்டர்" என்று பெருமை பேசுபவர்களின் பாம்பு அந்த அளவுக்குக் கிட்டத்தில்கூட இல்லாமல் போகலாம்.)

மூன்று எண்ணிக்கை வேண்டும்.

வயிற்றுச் செதில்கள்: அடிவயிற்றில் குறுக்காக, அகலமாக ஓடும் பட்டைகள். கழுத்தில் எங்கே தொடங்குவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். இருபுறமும் முதுகுச் செதிலின் முதல் வரிசை ஒட்டியிருக்கும் முதல் பட்டையை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1951-இல் டவ்லிங் முன்வைத்த இந்த முறையைத்தான் ஊர்வன ஆய்வாளர்கள் பின்பற்றுகிறார்கள். கழிவுத் துளையை மூடும் செதிலைச் சேர்க்கக் கூடாது. பத்துப் பட்டைக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போனால் எண்ணிக்கை தவறாது. முடிந்ததும் வால் பக்கமிருந்து திரும்ப எண்ணுங்கள்.

முதுகுச் செதில் வரிசைகள்: உடலின் நடுப்பகுதியில், ஒரு பக்க வயிற்றுப் பட்டையின் ஓரத்தில் தொடங்கி, முதுகைச் சுற்றி மறுபக்க ஓரம் வரை. நேர்க்கோட்டில் எண்ண முடியாது, செதில்கள் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் அமைந்திருக்கும். சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குங்கள். நடுப்பகுதி என்பது முக்கியம். கழுத்தருகே எண்ணினால் எண்ணிக்கை குறைவாகவே வரும்.

முதுகின் சேணத் திட்டுகள்: கழுத்திலிருந்து கழிவுத் துளைக்கு நேர் மேலே வரை. வால் கணக்கில் வராது. இது செதில் அல்ல, ஆனாலும் எண் என்பதால் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த எண்களை வைத்துப் பார்க்கலாம். அமேசான், கயானா பக்கத்து கான்ஸ்ட்ரிக்டருக்கு முதுகு வரிசை 81 முதல் 95 வரை, வயிற்றுச் செதில் 234 முதல் 250 வரை, சேணம் 15 முதல் 21, 22 வரை. இம்பரேட்டருக்கு முதுகு வரிசை 55 முதல் 79, வயிற்றுச் செதில் 225 முதல் 253, சேணம் 22 முதல் 30. வயிற்றுச் செதில் இரண்டிலும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. ஆகவே இந்தச் சண்டையைத் தீர்க்க அது உதவாது. முதுகு வரிசையும் சேண எண்ணிக்கையும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முதுகு வரிசை எழுபதுகளின் கடைசியில் நின்று, சேணமும் 22 என்று வந்தால் அது நடுவில் மாட்டிய பாம்பு. கலப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அடுத்த படிக்குப் போங்கள்.

வயிற்றுச் செதில் உண்மையில் உதவுவது கரீபியன் தீவுகளில்தான். நெபுலோசாவுக்கு 258 முதல் 273, ஓரோஃபியாஸுக்கு 270 முதல் 288. பெருநிலத்துப் போவாக்கள் இந்த எண்ணுக்கு வருவதே இல்லை. சேணமும் நெபுலோசாவில் 32 முதல் 35 வரை, மிக நெருக்கம். கான்ஸ்ட்ரிக்டரின் கிளையினமான, தெற்கே அர்ஜென்டினா, பராகுவேயில் வாழும் ஆக்சிடென்டாலிஸுக்கு வயிற்றுச் செதில் 242 முதல் 251, முதுகு வரிசை 65 முதல் 87, சேணம் 22 முதல் 30. அதாவது எண்ணை மட்டும் பார்த்தால் இம்பரேட்டர் என்று நினைத்துவிடலாம். அங்கேதான் நிறம் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: வால், சேணம், தலை

வாலில் தொடங்குங்கள். அமேசான் பக்கத்து கான்ஸ்ட்ரிக்டரில், முதுகின் பழுப்புச் சேணங்கள் வாலுக்கு வந்ததும் திடீரென்று செங்கல் சிவப்பு அல்லது இரத்தச் சிவப்பாக மாறும். ஓரத்தில் கருப்பு விளிம்பு, இடையில் பாலாடை நிறம். இம்பரேட்டரில் அந்த மாற்றம் படிப்படியாக, துருவின் நிறத்தில் நிகழும். ஆனால் கொலம்பிய இம்பரேட்டர்களிலும் சில, குறிப்பாகக் குட்டியில், நல்ல சிவப்பு வாலோடு வரும். பல பத்தாண்டுகளாகக் கொலம்பியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான இம்பரேட்டர்களை "செவ்வால் போவா" என்றே வியாபாரிகள் விற்றார்கள். வளர்ப்பில் இருக்கும் போவாக்களில் பெரும்பான்மை அந்த வழி வந்தவையே. ஆகவே வால் சிவப்பு என்பதை மட்டும் வைத்துச் சுரினாம் என்று முடிவு கட்டுவது வியாபாரிக்குத்தான் லாபம்.

சேணத்தின் வடிவம் வாலைவிட நம்பகமானது. கயானா, சுரினாம் போவாக்களில் சேணத்தின் பக்க முனைகள் முன்னும் பின்னும் கூர்ந்து, விரித்த வௌவால் சிறகு போல் நிற்கும். இம்பரேட்டரில் அவை பெரும்பாலும் வட்டமான அல்லது செவ்வகமான தடிப்புகள். பெருவின் இகிதோஸ், புகால்பா பக்கத்துப் போவாக்களில் உடல் முழுக்கக் கருந்தூள் தூவியதுபோல் புள்ளிகள் விழுந்திருப்பதைப் பலர் அடையாளமாகச் சொல்வார்கள். ஒரு பகுதியில் அதிகம் காணப்படும் குணம், அந்தப் பகுதிக்கு மட்டுமே உரிய குணம் ஆகிவிடாது. புள்ளி இல்லாத பெரு போவாவும் உண்டு, புள்ளி விழுந்த மற்ற ஊர்ப் போவாவும் உண்டு.

தலையில், மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை ஓடும் கருங்கோடு எல்லாப் போவாவிலும் இருக்கும். மத்திய அமெரிக்கப் போவாக்கள் பலவற்றில் கண்ணுக்கு நேராக அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் பிரிந்து, சிலுவைபோல் தெரியும். தும்பேஸ் போவாவில் தலைக்கோடு மிகத் தடித்து அம்பு முனையாகத் தெரியும். வளர வளர உடல் கருப்பும் மஞ்சளுமாகிவிடும்.

நிறத்தை எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். போவாக்களுக்கு நாளுக்குள்ளேயே நிறம் கூடிக் குறையும் தன்மை உண்டு. பகலில் கருத்தும் இரவில் வெளுத்தும் தெரியும். சட்டை உரிப்பதற்கு முந்தைய வாரத்தில் உடல் மங்கி, கண் பால் பூத்திருக்கும். ஆகவே சட்டை உரித்த இரண்டு மூன்று நாளுக்குள், பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் படம் எடுங்கள். முழு உடல் மேலிருந்து ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, தலை உச்சி, வால். நான் படம் பார்த்துக் கருத்துச் சொல்லும்போது முதலில் கேட்பது எப்போது சட்டை உரித்தது என்றுதான்.

ஆறாம் படி: இப்போது நீளம்

பாம்பை அளவு நாடாவோடு இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள். தசை முறுக்கேறிய பாம்பு ஒவ்வொரு முறையும் வேறு எண் தரும், முதுகெலும்புக்கும் நல்லதல்ல. ஒரு ஆழமற்ற பெட்டியில் நுரைப் பஞ்சை விரித்து, பாம்பை அதன் மேல் விட்டு, மேலே ஒரு தெளிவான அக்ரிலிக் தகட்டை மெல்ல அழுத்தினால் அது சுருண்டபடியே அசையாமல் கிடக்கும். தகட்டின் மேல் எழுதுகோலால் முதுகெலும்பின் போக்கைத் தலையிலிருந்து வால் வரை வரையுங்கள். பாம்பை வெளியே விட்டபின், அந்தக் கோட்டின் மேல் நூலை வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை வரைந்து சராசரி எடுங்கள். கழிவுத் துளை இருக்கும் இடத்தையும் குறித்து, மூக்கு முதல் துளை வரை ஒன்று, வால் தனியாக ஒன்று என்று எழுதிவைப்பது நல்லது. வால் நுனி ஒடிந்த பாம்புகளை ஒப்பிடும்போது அதுதான் உதவும்.

ஏழாம் படி: பகுதி வாரியாக என்ன எதிர்பார்க்கலாம்

கயானா, சுரினாம், பிரேசிலின் வடக்கு, பெருவின் அமேசான் பகுதி: போவாக்களில் பெரியவை இவைதான். பெண்கள் இரண்டரை மீட்டரைத் தாண்டுவது சகஜம், சில மூன்றைத் தொடும். நன்கு வளர்ந்த பெண் பத்து முதல் பதினைந்து கிலோ கனக்கும்.

தெற்கே, பிரேசிலின் தென்பகுதியும் பொலிவியாவும் சேர்ந்த இடத்தில் வாழும் அமராலி என்ற கிளையினம் குட்டையான வாலும் வெள்ளிச் சாம்பல் நிறமும் கொண்டது. பருமன் உண்டு, நீளம் குறைவு.

அதற்கும் தெற்கே, அர்ஜென்டினா, பராகுவே பக்கத்துச் சாக்கோ சமவெளியின் வறண்ட புதர்க்காட்டில் ஆக்சிடென்டாலிஸ். இதை ஒருமுறை வளர்ந்த நிலையில் பார்த்தால் வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்: கருமையான உடலில் வெண்ணிற வலைப்பின்னல். குட்டிகள் மட்டும் இளஞ்சிவப்பும் பழுப்புமாகப் பிறந்து வயது ஏற ஏறக் கருக்கும். மழைக்காட்டில் பெரிது, வறண்ட நிலத்தில் சிறிது என்ற எளிய சூத்திரத்தை இந்தப் பாம்பு உடைத்துவிடுகிறது. வறண்ட நிலத்தில் வாழ்ந்தும் இது பெரிய போவாக்களில் ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில், கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது இது ஒன்றுதான். மற்றப் போவாக்கள் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஆவணம் இல்லாத ஆக்சிடென்டாலிஸ் உங்களிடம் வந்தால் அது சட்டச் சிக்கல்.

கொலம்பியாவின் ஆண்டிஸுக்கு மேற்குப் பக்கமும் பனாமாவும்: இம்பரேட்டர். பெண்கள் பெரும்பாலும் 1.8 முதல் 2.4 மீட்டர். அங்கிருந்து வடக்கே நிகரகுவா, ஹோண்டுராஸ், மெக்சிகோ என ஏறும்போது பாம்பு மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே போகும் என்பது பொதுவான போக்கு. மெக்சிகோவின் வடமேற்கில் சொனோராதான் போவாக்களின் வட எல்லை. அங்குள்ள சிக்மாக்கள் பெருநிலத்திலேயே வாழும் குள்ளப் போவாக்கள். குள்ளம் என்றதும் தீவை மட்டும் நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

எட்டாம் படி: தீவு என்ற சொல்லைக் கேட்டதும் நிதானியுங்கள்

தீவுப் போவாக்கள் ஏன் சிறுத்தன என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹோண்டுராஸின் காயோஸ் கொசினோஸ், பெலீஸ் கரையோரத்துச் சிறு தீவுகள் போன்ற இடங்களில் பெரிய பாலூட்டிகள் கிடையாது. அங்கே வாழும் போவாக்கள் பல்லிகளையும், பருவத்துக்கு வந்துபோகும் வலசைப் பறவைகளையும் நம்பியிருக்கின்றன. பறவைகள் வரும் சில வாரங்கள் விருந்து, மற்ற மாதங்கள் பட்டினி. பெரிய உடலைக் கட்டிக் காக்க அங்கே சாப்பாடு இல்லை. மெல்லிய கிளையில் பறவைக்காகக் காத்திருக்கவும் ஒல்லி உடல்தான் வசதி.

சரி, பட்டினியால் வளராமல் போன பாம்பா, பிறவியிலேயே சிறிய பாம்பா? பெலீஸ் பாம்புகளை வைத்து உயிரியலாளர் ஸ்காட் போபேக் இதைச் சோதித்தார். தீவுத் தாயின் குட்டிகளையும் பெருநிலத் தாயின் குட்டிகளையும் ஒரே சூழலில், ஒரே தீனியில் வளர்த்தபோது தீவுக் குட்டிகள் சிறிதாகவே நின்றன. குள்ளத்தன்மையின் ஒரு பகுதியாவது இரத்தத்திலேயே இருக்கிறது. அதனால்தான் வளர்ப்பில் எவ்வளவு ஊட்டினாலும் அசல் காயோஸ் கொசினோஸ் போவா சுரினாம் போவா ஆகாது. சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு நிறத்துக்காகவே இந்தத் தீவுப் பாம்புகளை 1970-களிலும் 80-களிலும் வாரி வாரிப் பிடித்து விற்றார்கள். தீவில் எண்ணிக்கை மிக மோசமாகக் குறைந்துபோனது.

இதைப் படித்துவிட்டு "தீவு என்றால் குள்ளம்" என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். டொமினிக்கா, செயின்ட் லூசியா போவாக்கள் தீவு வாசிகள்தான், ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டுவது அவற்றுக்குச் சாதாரணம். அந்தத் தீவுகள் பெரியவை, மலையும் காடும் உள்ளவை, இரையும் உண்டு. இன்னொரு பக்கம், மெக்சிகோவின் கொசுமெல் தீவில் இருக்கும் போவா அந்தத் தீவுக்கே உரியது அல்ல. 1971-இல் மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. அரூபாவிலும் அப்படித்தான், அங்கே முதல் போவா 1999-இல்தான் பதிவானது. யாராவது "அரூபா தீவுப் போவா, குள்ள வகை" என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு தீவில் பிடிபட்டது என்பது போதாது. அந்தத் தீவில் பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்த கூட்டமா என்பதுதான் கேள்வி.

ஒன்பதாம் படி: தீனியின் பங்கைக் கழித்துப் பாருங்கள்

வளர்ப்புப் போவாவின் நீளத்தில் தீனிக்குப் பெரிய பங்கு உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை பெரிய எலி போட்டால் இரண்டு வயதில் இரண்டு மீட்டர் தொடும். பார்ப்பவர் அமேசான் என்பார். உண்மையில் அது அளவுக்கு மீறி ஊட்டப்பட்ட இம்பரேட்டர். அறிகுறி தலையில் தெரியும்: உடம்பு தடித்து, தலை மட்டும் அதற்குப் பொருந்தாமல் சின்னதாக இருக்கும். அப்படி ஊட்டிய பாம்பு கல்லீரல் கொழுத்துச் சீக்கிரம் சாகும். இயல்பாக வளர்ந்த போவா இருபது முப்பது ஆண்டு வாழக்கூடியது. நேர்மாறாக, அரைப்பட்டினியில் வளர்த்த பெருநிலப் போவாவைக் "குள்ள வகை" என்று விற்பதும் நடக்கிறது. அதற்கு எலும்பு துருத்தி, முதுகு முக்கோணமாகத் தெரியும். ஒழுங்கான தீனி கிடைத்தால் மறுபடி வளரத் தொடங்கிவிடும்.

பத்தாம் படி: காகிதமும் கலப்பும்

இதுவரை செய்தது எல்லாம் "எந்தப் பெரும்பிரிவு" என்பதைத்தான் சொல்லும். ஊர் பெயர் வேண்டுமானால் ஆவணம் வேண்டும். சைட்ஸ் அனுமதிச் சீட்டில் அறிவியல் பெயர், பூர்வீக நாடு, காட்டில் பிடித்ததா வளர்ப்பில் பிறந்ததா என்பதற்கான குறியெழுத்து ஆகியவை இருக்கும். காட்டில் பிடித்ததற்கு ஒரு எழுத்து, வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்ததற்கு வேறொரு எழுத்து. கிராமத்தின் பெயர் அதில் இருக்காது. கப்பல் ஏறிய துறைமுகம் பிடிபட்ட இடம் ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆற்றைக் கடந்தால் அடுத்த நாடு என்று இருக்கும் பகுதிகளில் பாம்பு எங்கே பிடிபட்டு எங்கிருந்து ஏற்றுமதியானது என்பது வேறு வேறு.

வளர்ப்பாளரிடம் கேட்க வேண்டியது மூன்றே: தாய் தந்தை இருவரின் படம், தாயின் நீளமும் வயதும், அவை யாரிடமிருந்து வந்தன என்பது. "சுரினாம் வழி" என்று மட்டும் சொல்லி மற்றதற்கு மழுப்பினால், அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.

இம்பரேட்டரும் கான்ஸ்ட்ரிக்டரும் வளர்ப்பில் கலந்தால் நன்றாகவே குட்டி போடும், அந்தக் குட்டிகளும் இனப்பெருக்கம் செய்யும். அல்பினோ, ஹைப்போ, மோட்லி போன்ற நிற வகைகளைப் பல வழிகளோடு கலந்து கலந்து உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாம்புக்கு வால் நிறமோ சேண எண்ணிக்கையோ பார்ப்பது வீண் வேலை. டி.என்.ஏ. சோதனை செய்துவிடலாமே என்பவர்களுக்கு: மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியை மட்டுமே காட்டும். தாய் கொலம்பியா, தந்தை சுரினாம் என்றால் சோதனை கொலம்பியா என்றே சொல்லும், தந்தையைப் பற்றி வாயே திறக்காது.

ஒரு பாம்பை வைத்துச் செய்து பார்ப்போம்

ஆறு வயதுப் பெண், 2.1 மீட்டர், "சுரினாம் செவ்வால்" என்ற பெயரில் வாங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வால் உண்மையிலேயே சிவப்பு. சட்டையை ஊறவைத்து எண்ணியதில் முதுகு வரிசை 69, வயிற்றுச் செதில் 238, கழுத்திலிருந்து துளைவரை சேணம் 25. வயிற்றுச் செதில் இரண்டு பக்கமும் பொருந்துவதால் ஒதுக்கிவிடலாம். முதுகு வரிசை 69 என்பது கான்ஸ்ட்ரிக்டரின் 81-க்கு வெகு கீழே. சேணம் 25-உம் இம்பரேட்டர் எல்லைக்குள். சேண முனைகள் வட்டமாக, கூர்ப்பில்லாமல் இருக்கின்றன. நீளமும் கொலம்பியப் பெண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிறது. இது இம்பரேட்டர், கொலம்பிய வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வால் சிவப்பு என்ற ஒரே சாட்சி மற்ற மூன்றின் முன் நிற்காது.

இதே பாம்புக்கு முதுகு வரிசை 80, சேணம் 21, முனை பாதி வட்டம் பாதி கூர்மை என்று வந்திருந்தால்? கலப்பு என்று குறித்து, ஊர் பெயர் போடாமல் விட்டுவிடுவேன்.

குறிப்பேட்டில் எழுதும்போதும் எதுவரை தெரியுமோ அதுவரை மட்டும் எழுதுங்கள்: "போவா இம்பரேட்டர், பூர்வீகம் தெரியாது" என்பது முழுமையான, நேர்மையான பதிவு. அதோடு எண்ணிய தேதி, மூன்று எண்ணிக்கை, நீளம், தாய் பற்றிய தகவல் ஆகியவற்றைச் சேருங்கள். குட்டி கைமாறும்போது இந்தத் தாளையும் கூடவே கொடுங்கள். உங்களுக்கு அடுத்து வளர்ப்பவர் கூண்டு வாங்கும்போது வால் நிறத்தை வைத்து ஊகிக்காமல், தாயின் நீளத்தைப் பார்த்து அளவு முடிவு செய்துகொள்வார்.